மருத்துவமனையில் பிசியோதெரபி: நோயாளிகளும் உடனிருப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

வார்டிலும் ஓ.பி.யிலும் நாள்தோறும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. பெரும்பாலும் நோயாளி கேட்பதில்லை. கட்டிலருகே இரவு பகலாக இருக்கும் மகளோ, மருமகனோ, மனைவியோதான் கேட்கிறார்கள். பதில்களையும் அவர்களுக்காகவே எழுதியிருக்கிறோம். பிசியோ ஒரு நோயாளியோடு இருக்க முடிவது நாளுக்கு அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பிசியோதெரபி என்றால் மூட்டுவலிக்குக் கரண்ட் வைக்கும் அறைதானே? வார்டுக்குள் அவர்களுக்கு என்ன வேலை?

கரண்ட் வைக்கும் அறை எங்கள் வேலையில் ஒரு சிறு பகுதி. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் காலை வேளையில் பிசியோ எங்கெல்லாம் போகிறார் என்று பாருங்கள். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சுச் சளியை இளக்கி வெளியே கொண்டுவர வேண்டும். எலும்பு வார்டில் நேற்று ஆபரேஷன் ஆனவரை முதல் தடவையாக நிற்க வைக்க வேண்டும். ஒரு பக்கம் செயலிழந்தவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு எப்படி இருமுவது என்று கற்றுத்தர வேண்டும். தீக்காயப் பிரிவு, பிரசவ வார்டு, பச்சிளங்குழந்தைகள் பிரிவு என்று எங்கிருந்தும் அழைப்பு வரும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓ.பி. வரிசை.

மருந்தும் அறுவை சிகிச்சையும் உயிரைக் காப்பாற்றித் தருகின்றன. அப்படிப் பிழைத்தவர் தானே எழுந்து கழிவறைக்குப் போய் வருகிறாரா, தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறாரா, தறி நெய்த கை மறுபடி தறிக்குப் போகிறதா என்பதெல்லாம் இந்தப் பிரிவின் பொறுப்பு.

ஆபரேஷன் ஆன உடம்பு. படுத்து ஓய்வெடுக்கட்டுமே, ஏன் மறுநாளே எழுப்புகிறீர்கள்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. அம்மா வலியில் முனகுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும்.

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 20 வயதையொட்டிய, ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அவர்களுக்கு நோயும் இல்லை, காயமும் இல்லை. 3 வார முடிவில் அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 30 ஆண்டு கழித்து அதே 5 பேரை மறுபடி சோதித்தார்கள். 30 வயது கூடியதால் வந்த இழப்பைவிட அந்த 3 வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பே பெரிதாக இருந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 70 வயது உடம்புக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தேங்கி நிமோனியா வரலாம். கெண்டைக்கால் இரத்தநாளத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இடுப்புக்குப் பின்புறமும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். எழுந்து நின்றால் தலை சுற்றும். வயதானவர்களுக்கு இரவு எது பகல் எது என்று தெரியாத குழப்பம் வரும். இத்தனைக்கும் காரணம் ஆபரேஷன் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம்; படுக்கைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

எல்லோரையும் எழுப்பிவிடுவதும் இல்லை. முதுகெலும்பு முறிந்து இன்னும் உறுதிப்படுத்தப்படாதவர், இரத்த அழுத்தம் நிலைக்கு வராதவர், நெஞ்சுவலி தொடர்பவர் ஆகியோரை டாக்டர் அனுமதி எழுதும்வரை எழுப்ப மாட்டோம். அவர்களுக்குப் படுத்தபடியே செய்கிற பயிற்சி இருக்கிறது.

அப்பா வென்டிலேட்டரில் நினைவில்லாமல் இருக்கிறார். அவருக்கு எதற்குக் கைகால் பயிற்சி?

தீவிர சிகிச்சையில் தசை கரையும் வேகம் பலருக்கும் தெரியாது. லண்டனில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் தொடைத் தசையை ஸ்கேன் செய்து அளந்தார்கள். 10 நாளில் அது சுமார் 18 சதவீதம் சுருங்கியிருந்தது. உயிர் பிழைத்து வார்டுக்கு வந்த பிறகு, தம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தவிப்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

'லான்செட்' இதழில் 2009-இல் வந்த ஆய்வு வென்டிலேட்டரில் இருந்த 104 பேரைப் பற்றியது. எல்லோருக்கும் மயக்க மருந்தைத் தினமும் சற்று நேரம் நிறுத்தினார்கள். அவர்களில் ஒரு குழுவுக்கு மட்டும் அந்த இடைவெளியிலேயே பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் கட்டத்தில் அந்தக் குழுவில் 59 சதவீதத்தினர் தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள். மற்றக் குழுவில் 35 சதவீதத்தினருக்கே அது முடிந்தது.

பார்வையாளர் நேரத்தில் உங்களால் செய்ய முடிவதும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், பேத்தி பரீட்சை எப்படி எழுதினாள் என்று சொல்லுங்கள். கைகாலைத் தொட்டு அசைப்பதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள், குழாய்கள் இருக்கின்றன.

நாளைக்குத்தான் ஆபரேஷன். இன்றே வந்து மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்களே, என்ன அவசரம்?

நாளை மாலை வலியிலும் மயக்க மருந்தின் அசதியிலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் இன்றே. இதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு அது. ஒரு குழுவுக்கு ஆபரேஷனுக்கு முன் பிசியோ ஒரே ஒரு முறை, 30 நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். மற்றக் குழுவுக்கு அச்சிட்ட தாள் மட்டும். தாள் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பிசியோவிடம் கற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கு. விலையுயர்ந்த கருவியோ மருந்தோ இல்லாமல், அரை மணி நேரப் பேச்சால் கிடைத்த பலன். எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும், பந்து மேலே நிற்கும்படி 2, 3 விநாடி பிடிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை செய்தால் நல்லது. இருமல் வந்தால் அடக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள், தையல் பிரியாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ஆபரேஷன் தேதி தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும்?

மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்தே பிசியோவின் வேலை தொடங்குகிறது. ஆனால் முதல் நாளே நீண்ட நேரம் நிற்க வைத்து நடக்க வைப்பது நல்லதில்லை. 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வு இதைக் காட்டியது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி மிக அதிகமாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு 3 மாத முடிவில் பலன் சற்றுக் குறைவாகவே இருந்தது. எனவே முதல் நாளில் சரியாகப் படுக்க வைத்தல், பக்கம் திருப்புதல், முடிந்தால் சிறிது நேரம் உட்கார வைத்தல். அதன் பிறகு சிறு சிறு நேரமாக, பல தடவை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். புறா ரத்தம் தடவிப் பார்க்கிறோம், காலையில் கூட்டிப்போகலாம் என்று அந்த நேரத்தை இழந்த குடும்பங்கள் எங்கள் வார்டில் இருக்கின்றன. பிறகு நாங்கள் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்த நாலரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

பக்கவாத நோயாளியை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் முதல் சில வாரங்களில் நீங்கள் செய்வதுதான் பின்னால் பெரிய வித்தியாசமாக நிற்கிறது.

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. தோளைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். பிறகு தீராத தோள்வலி. தூக்க வேண்டுமென்றால் இடுப்புப் பக்கம் பிடியுங்கள். எப்படிப் பிடிப்பது என்று பிசியோவைச் செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே ஒரு தடவை நீங்கள் செய்து பாருங்கள்.

படுத்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். செயலிழந்த பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம், பயப்பட வேண்டாம். பேச உட்காரும்போது அந்தப் பக்கமாகவே உட்காருங்கள். அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பட்டும்.

விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தில் ஊட்டும் ஒரு கரண்டிக் கஞ்சியால் நிமோனியா வந்திருக்கிறது.

பிறகு பந்து. பெரும்பாலான வீடுகளில் ரப்பர் பந்தை வாங்கிக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள். பக்கவாதத்தில் விரல்கள் மூடுவது பெரும்பாலும் தானே வந்துவிடும். திறப்பதுதான் கஷ்டம். நாள் முழுவதும் அமுக்கினால் மூடும் தசையின் இறுக்கம் கூடலாம். பந்தை எடுத்து வைத்துவிட்டு, விரல்களை விரிக்கவும் தம்ளரைப் பிடித்து விடவும் பழக்குங்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

எத்தனை மாதத்தில் கை வரும்?

தேதி குறித்துச் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். முதல் 3 மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனால் நின்றுவிடாது. பலருக்குக் கால் முதலில் வரும், கை பின்தங்கும், விரல்கள் கடைசி. ஓராண்டு கழித்துச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் அம்மாவுக்கு இதமாக இருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம். அந்த இதம் பின்னால் தொல்லை தரும். முழங்கால் மடங்கியே இருந்து பழகிவிட்டால் முழுதாக நீட்ட வராது, நொண்டி நடக்க வேண்டியிருக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாகக் கீழே இறங்கட்டும். எவ்வளவு மடங்குகிறது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நாட்களில் எவ்வளவு நீளுகிறது என்று நாங்கள் அதைவிடக் கவனமாகப் பார்க்கிறோம். மடக்குவது 2 வாரத்தில் 90 டிகிரியை எட்டினால் நல்ல முன்னேற்றம்.

பெரும்பாலானவர்களை அன்றோ மறுநாளோ வாக்கரில் நடக்க வைத்துவிடுவோம். வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு ரேகை உள்ள உயரத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே பயன்படுத்தாமல் பிசியோவிடம் கொண்டுவந்து சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு கைத்தடிக்கு மாறும்போது, வலது காலில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

தரையில் சம்மணம் போடுவதும் குந்தி உட்காருவதும் புதிய மூட்டுக்கு ஏற்றதில்லை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்பே வீட்டுக் கழிவறையை மாற்றிவிடுங்கள். அது முடியாத வீட்டுக்கு, நடுவில் ஓட்டை உள்ள கழிவறை நாற்காலி போதும்.

பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, படுக்கையிலேயே பார்த்துக்கொள்கிறோமே?

முடிவு எலும்பு மருத்துவருடையதும் உங்களுடையதும். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறோம்: இந்த வயதில் ஆபரேஷன் செய்வதே படுக்கையில் இருந்து எழுப்பத்தான். கூடிய சீக்கிரம் ஆபரேஷன் செய்து மறுநாளே நிற்க வைத்தால், மேலே சொன்ன படுக்கைச் சிக்கல்கள் பல தவிர்க்கப்படும். பந்து மூட்டு மாற்றியிருந்தால் சுமார் 6 முதல் 12 வாரம் கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது. குளியலறைத் தரையையும் இரவு விளக்கையும் அவர் திரும்பி வருவதற்குள் சரிசெய்யுங்கள். இரண்டாவது முறை விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பயிற்சியெல்லாம் வேண்டாம், கரண்ட் மட்டும் வைத்துவிடுங்கள். வைக்கலாமா?

ஐ.எப்.டி., டென்ஸ் (இரண்டும் மெல்லிய மின்சாரம் செலுத்தி வலியைத் தணிப்பவை), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைக் கருவி), மெழுகு ஒத்தடம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. வலி சற்றுத் தணிந்தால் அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வைக்கலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எப்.டி., இழுவைச் சிகிச்சை எதையும் தர வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியைத்தான் அது பரிந்துரைக்கிறது. கருவியில் படுத்துக் கிடப்பது நோயாளிக்கும் சுலபம், வரிசையை நகர்த்த எங்களுக்கும் சுலபம். அதனாலேயே அது இவ்வளவு பரவிவிட்டது என்பது என் கருத்து.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, உடம்பில் உலோகத் தகடு வைத்திருந்தாலோ கருவி வைக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரையால் காலில் உணர்வு மரத்தவர்கள் சுடுநீர் ஒத்தடமும் வைக்கக் கூடாது. தோல் வெந்தது மறுநாள்தான் தெரியும்.

முகவாதத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

வாய் கோணி, அந்தப் பக்கக் கண் மூடாமல், நெற்றியும் சுருங்காமல் இருந்தால் முக நரம்பு பாதிப்பாக இருக்கலாம். பக்கவாதமா என்பதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். கண்ணை ஈரமாக வைத்து, இரவில் மூடி ஒட்டுவது முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு முழுதாகச் சரியாகிவிடும். பயிற்சி கண்ணாடி முன் மெதுவாக. பலூன் ஊதச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

எவ்வளவு வலி வரை தாங்க வேண்டும்?

பூஜ்யத்திலிருந்து 10 வரை வலியை அளந்தால், பயிற்சியின்போது 4, 5 வரை போகலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் நேற்று அளவுக்கு மீறிச் செய்திருக்கிறோம், குறைக்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் கொடுப்பது உதவும். செவிலியரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீக்காயப் பிரிவில் கழுத்துக்குத் தலையணையே கொடுக்க மறுக்கிறார்கள். இரக்கமில்லையா?

வலிக்கும் காயத்தை உடம்பு சுருட்டி வைத்துக்கொள்ளப் பார்க்கும். தாடை நெஞ்சோடு, கை விலாவோடு, முழங்கை மடங்கி. எந்த நிலையில் இதமோ அந்த நிலையிலேயே தழும்பு இறுகி ஒட்டிக்கொள்ளும். கழுத்து முன்பக்கம் வெந்தவருக்குத் தலையணை வைத்தால் சில வாரங்களில் முகத்தை நிமிர்த்த முடியாது. அதனால்தான் கையை விரித்துக் கட்டுகிறோம், கழுத்தைப் பின்னால் சாய்க்கிறோம். அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே இதைச் செய்வது எங்களுக்கும் எளிதில்லை. காயம் ஆறிய பிறகும் தழும்பு இறுகிக்கொண்டே இருக்கும். இறுக்க உடையும் நீட்டல் பயிற்சியும் ஓராண்டுக்கு மேல்கூடத் தேவைப்படும்.

சர்க்கரைப் புண்ணால் காலை எடுத்துவிட்டார்கள். இனி பிசியோதெரபியால் என்ன பயன்?

செயற்கைக்கால் பொருந்துமா என்பது அடுத்த சில வாரங்களில் தீர்மானமாகிறது. எஞ்சிய காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்; முட்டிக்குக் கீழே எடுத்திருந்தால் அதைத் தொங்கவிட்டே உட்காராதீர்கள். மடங்கி இறுகிய மூட்டில் செயற்கைக்கால் மாட்ட முடியாது. டாக்டர் அனுமதித்தால் தினமும் சற்று நேரம் குப்புறப் படுக்க வேண்டும். எஞ்சிய காலில் எலாஸ்டிக் பேண்டேஜை நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றுவது எப்படி என்று வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள்.

இல்லாத பாதம் வலிக்கிறது, அரிக்கிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். அது உண்மையான வலி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்குக் கண்ணாடி வைத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இருக்கும் கையோ காலோ கண்ணாடியில் தெரிய, இல்லாதது அசைவதாக மூளை காண்கிறது. சிலருக்கு வலி குறைகிறது. செயற்கைக்கால் தேவைப்படுபவர்களுக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்' என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் தானாக உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள். பிறந்தவுடன் அழாத குழந்தை, எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால் சந்தோஷம்தான்.

பிரசவம் ஆனதிலிருந்து இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

எங்களிடம் சொல்லுங்கள். பெண் பிசியோவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்பின் அடித்தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, 3 மாதம். பலருக்கும் இதிலேயே குறைந்துவிடுகிறது. வெட்கப்பட்டுப் பல ஆண்டு துணி வைத்துச் சமாளித்தவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் என்ன படித்தவர்? மசாஜ் செய்பவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் தமிழ்நாட்டில் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை ஆண்டுப் படிப்பாக நடந்துவந்தது. உடற்கூறு, நரம்பியல், எலும்பியல், இதய நுரையீரல் எல்லாம் படித்து வார்டில் பழகிவிட்டு வருகிறார். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் சுகாதாரத் தொழில்முறையாளராக இடம்பெற்றிருக்கிறார். மசாஜ் எங்கள் கையில் உள்ள பல வழிகளில் ஒன்று. முறிந்த எலும்பையும் வீங்கிய கெண்டைக்காலையும் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. இறுக்கக் கட்டிய கட்டுக்குள் விரல் நீலமாகி மரத்துப்போனால் அந்த நிமிடமே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். சில மணி நேரத்தில் கைத்தசை நிரந்தரமாக இறுகிவிடும்.

இந்தச் சேவை நம் மருத்துவமனைகளில் எப்படி வேரூன்றியது?

வேலூரைச் சொல்லாமல் முடியாது. 1940-களின் இறுதியில் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசை இனி இன்னொரு வேலை செய்ய வேண்டும். அதைக் கத்தி கற்றுத்தராது. வாரக்கணக்கில் கூட உட்கார்ந்து பயிற்சி கொடுப்பவர் வேண்டும். ஆபரேஷனில் பாதி அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதை அந்த வார்டு நேரில் காட்டியது.

அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கிடம் அத்துறையைப் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். தினமும் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு வர முடியாது. என்ன செய்வது?

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் பிசியோதெரபிக்குக் கட்டணம் இல்லை. செலவு வண்டிக்கும் இழக்கிற நாள் கூலிக்கும்தான். அதனாலேயே பலர் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அடங்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருபவர் வாரத்தில் எல்லா நாளும் வர முடியாது. வராத நாளில் நீங்கள் செய்ய வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று வண்டி காத்திருக்கிறது என்று அவசரப்படாமல் பிசியோவைப் பார்த்துவிட்டுப் போங்கள். எந்தப் பயிற்சி, நாளுக்கு எத்தனை தடவை, எந்த அசைவு கூடாது, எப்போது முழுப்பாரம் ஊன்றலாம், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். அவர் செய்துகாட்டுவதை உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளப்போகிற ஆள் யாரோ அவரே எடுக்கட்டும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், புதிதாகப் பேச்சுக் குழறல் வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அமுக்கிவிடாதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் புண் சிவந்து சீழ் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அதேபோல. இடுப்புவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ அது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.